கணவர் அமெரிக்கக் குடிமகன், ஏற்காட்டில் என்னோடு இருக்கிறார்: மனைவி விசாவுக்கு டொமிசைல் (நிரந்தரக் குடியிருப்பு) எப்படிக் காட்டுவது?

நாகலூர் வீட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன். பாதி விவரம் சொல்லிக் கேட்டால் பாதிப் பதில்தான் வரும்.

நான் சேலம் குகையில் பிறந்து வளர்ந்தவள். கணவர் ஹூஸ்டனில் பிறந்தவர், அமெரிக்கப் பாஸ்போர்ட், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருக்கிறது. அவருடைய தாத்தாவுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நாலு ஏக்கர் காபித் தோட்டம். ஓசிஐ வைத்திருப்பவர்கள் தோட்ட நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, ஆனால் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அப்படித் தாத்தாவின் உயில்படி இவருக்கு வந்தது. 2019இல் ஒரு சீசன் பழம் எடுப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். 2024 பிப்ரவரியில் எங்களுக்குக் கல்யாணம். சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவும் செய்தாகிவிட்டது.

மலையை விட்டுப் போகும் எண்ணம் எங்கள் இருவருக்கும் இருந்ததில்லை. ஆனால் போன வருஷம் ஹூஸ்டனில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை இன்னும் சரியாக வரவில்லை. அத்தைதான் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு அவரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகிறார். ராத்திரி போனில் பேசும்போது “நாங்க நல்லாத்தான் இருக்கோம்” என்பார்கள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு இவருக்குத் தூக்கம் வருவதில்லை.

மனைவியை அழைத்துக்கொள்ளக் கணவர் போடும் ஐ-130 மனுவை 2024 மே மாதமே ஆன்லைனில் போட்டிருந்தோம், 625 டாலர். என்றைக்காவது தேவைப்படும் என்று போட்டது, இவ்வளவு சீக்கிரம் தேவைப்படும் என்று நினைக்கவில்லை. போன மாதம் அப்ரூவல் வந்தது. இப்போது நேர்காணலுக்கு முன் காகிதங்களைச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டரில் 325, 120 டாலர் என்று இரண்டு கட்டணமும் கட்டிவிட்டு, என் செலவுக்குக் கணவர் பொறுப்பேற்கும் ஐ-864 படிவத்தில் நிற்கிறோம். ஸ்பான்சர் செய்பவரின் டொமிசைல் எந்த நாடு என்று கேட்கிறது. உண்மையைச் சொன்னால் இந்தியா. ஆனால் அமெரிக்காவில் டொமிசைல் இல்லாதவர் ஸ்பான்சர் செய்ய முடியாது என்று அதே படிவத்தின் விளக்கத்தில் இருக்கிறது.

நாங்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ்கிறோம் என்பதுதான் எங்கள் கல்யாணத்துக்குப் பெரிய சாட்சி. அதுவே இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. அவர் முதலில் தனியாகப் போய், வேலை தேடி, வீடு பிடித்து, அப்புறம் என்னை அழைக்க வேண்டுமா? பழ சீசன் நடுவில் இருக்கிறது. அதைவிட, அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

இன்னும் சில சந்தேகங்கள். தோட்ட வருமானத்தை வருமானமாகக் காட்டலாமா? 2019க்குப் பிறகு அவர் அமெரிக்காவில் வரிக் கணக்கு தாக்கல் செய்யவில்லை, இங்கே விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று விட்டுவிட்டார். என் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, ‘பெண்’, அவ்வளவுதான். பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்துவிட்டு, பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் சித்தப்பா “டூரிஸ்ட் விசாவில் கூட்டிக்கொண்டு போய் அங்கே மாற்றிக்கொள்” என்கிறார். அது சரியான வழியா?

கன்னங்குறிச்சி அக்கா:

கண்ணு, நீ எழுதியதைப் படித்ததும் 2022இல் நான் இருந்த நிலை அப்படியே கண் முன்னால் வந்தது. அதனால் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரரும் அமெரிக்கக் குடிமகன். ஆறு வருஷம் பெங்களூரில் வேலை, நானும் பிள்ளையும் அவரோடு அங்கேதான். இப்போது நியூஜெர்சியில் இருக்கிறோம்.

முதலில் உன் பெரிய கேள்வி. அவர் முன்னாலேயே தனியாகப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீ அமெரிக்காவில் இறங்கும் நாளுக்கு முன்போ, அதே நாளிலோ அவர் அங்கே மறுபடி குடியேறப் போகிறார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும், அதைத்தான் கேட்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே விமானத்தில் போகலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். ஆனால் “போகப் போகிறோம்” என்று வாயால் சொன்னால் போதாது, அதற்கான காரியங்களைத் தொடங்கிவிட்டோம் என்று காகிதம் காட்ட வேண்டும்.

நாங்கள் தவறியது அந்த இடத்தில்தான். என் கொழுந்தனார் ஜாயின்ட் ஸ்பான்சராக, அதாவது பணப் பொறுப்பைக் கூடவே ஏற்பவராக, கையெழுத்துப் போட்டார், நல்ல சம்பளம். பணப் பக்கம் பலமாக இருக்கிறது, இனி ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்று இருந்துவிட்டோம். மும்பையில் நேர்காணல். விசா அதிகாரி ஓர் அம்மா, என் ஃபைலைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “உங்கள் கணவர் அமெரிக்காவில் எங்கே வசிக்கப் போகிறார்?” நான் “கொழுந்தனார் வீட்டில்” என்றேன். “அதற்கு ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா?” ஒன்றும் இல்லை. காகிதம் போதவில்லை என்று விசாவை நிறுத்திவைக்கும் 221(ஜி) சீட்டு ஒன்றைக் கொடுத்து, டொமிசைல் ஆதாரம் அனுப்பச் சொன்னார். அவர் கடிந்து பேசவில்லை, கேட்டது நியாயமான கேள்வி. ஜாயின்ட் ஸ்பான்சர் பணத்துக்குத்தான் பதில், டொமிசைலுக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. மனு போட்ட கணவருக்கே டொமிசைல் இல்லை என்றால் ஜாயின்ட் ஸ்பான்சரையும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இதை மட்டும் மனதில் பதிய வைத்துக்கொள்.

குர்லா ஸ்டேஷனில் கோயம்புத்தூர் வண்டிக்காக உட்கார்ந்திருந்தபோது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் எல்லாம் சரியாகக் கூடி வர மூன்று மாதம் ஆனது.

நாங்கள் பிறகு அனுப்பியவை இவை. கொழுந்தனார் எழுதிய கடிதம்: எந்த முகவரி, எந்த அறை, எந்தத் தேதியிலிருந்து. அந்த வீட்டு வரி ரசீது. அங்கே பழைய பேங்க் கணக்கைத் திறந்து கொஞ்சம் பணம் மாற்றிய ஸ்டேட்மென்ட். வீட்டுக்காரர் வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்களும் ஒரு நேர்காணல் அழைப்பும். பிள்ளையைச் சேர்க்கப் பள்ளிக்கு எழுதிக் கேட்டது. பெங்களூர் வீட்டு ஓனருக்குக் கொடுத்த காலி செய்யும் நோட்டீஸ். வெளிநாட்டிலிருந்து தேர்தலில் ஓட்டுப் போட்டிருந்தால் அந்தப் பதிவும் உதவும்.

உன் விஷயத்தில் எனக்குப் பெரிய பலமாகத் தெரிவது மாமா வீடு. மகன் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளத் திரும்புகிறான், அதற்கு மருத்துவமனைக் காகிதம் இருக்கிறது, அவர்கள் வீட்டிலேயே தங்கப் போகிறான். இதைவிட இயல்பான காரணம் எது? அத்தையை ஒரு கடிதம் எழுதச் சொல். பாசத்தைக் கொட்டி எழுத வேண்டாம். முகவரி, தேதி, மாமாவின் உடல்நிலை, மகன் என்ன பொறுப்பு எடுக்கப் போகிறான், அவ்வளவு போதும். அப்புறம், தோட்டத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? குத்தகைக்கு விடுவதாக இருந்தால் அந்த ஒப்பந்தத்தின் நகலும் வை. இங்கே இருக்கும் பிழைப்பை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறார் என்பதை அது காட்டும்.

வருமானம்: அமெரிக்க வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதம் வேண்டும். 2025 கணக்குப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர். அமெரிக்கா போன பிறகும் அதே இடத்திலிருந்து தொடர்ந்து வரும் வருமானம் என்றால்தான் இந்திய வருமானத்தைக் கணக்கில் எடுப்பார்கள். குத்தகைப் பணம் அப்படி வரும், ஆனால் நாலு ஏக்கருக்கு அது எட்டாது. சொத்தைக் காட்டலாம். குடிமகனின் மனைவிக்குப் பற்றாக்குறையைப் போல மூன்று மடங்கு மதிப்பு வேண்டும். வருமானமே இல்லை என்று வைத்துக்கொண்டால் சுமார் 79,300 டாலர். அதை ஒரு வருஷத்துக்குள் பணமாக்க முடியும் என்றும் காட்ட வேண்டும். தாத்தா தோட்டத்தை அதற்காக விலைபேசும் நிலைமைக்கு நீங்கள் போக வேண்டாம் என்பது என் ஆசை. மாமாவின் ஓய்வூதியமும் சோஷியல் செக்யூரிட்டியும் சேர்ந்து, அதே 2025 கணக்கில், 33,312 டாலர் தாண்டினால் மாமாவோ அத்தையோ ஜாயின்ட் ஸ்பான்சர் ஆகலாம். அவர்கள் இருவர், நீ ஒருத்தி, ஆக மூன்று பேர் கணக்கு. ஜாயின்ட் ஸ்பான்சர் வந்தாலும் உன் கணவரும் தனியாக ஓர் ஐ-864 போட்டே ஆக வேண்டும்.

ஒன்று மட்டும் அவர்களிடம் முன்னாலேயே விளக்கிச் சொல்லிவிடு. அந்தப் படிவம் சட்டப்படி ஓர் ஒப்பந்தம். நீ குடியுரிமை வாங்கும் வரை, அல்லது 40 காலாண்டு வேலை செய்த கணக்கு சேரும் வரை அவர்களைக் கட்டும். உடம்பு சரியில்லாத பெரியவரிடம் தெரியாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

சேலம் ஜங்ஷன்:

டூரிஸ்ட் விசா விஷயம் நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர் அப்படிப் போய் அங்கேயே கிரீன் கார்டு வாங்கினார். சீக்கிரம் வேலை முடியும் என்றால் முயன்று பார்க்கலாமே?

கன்னங்குறிச்சி அக்கா:

தம்பி, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். சுற்றிப் பார்க்க என்று சொல்லி விசா வாங்கிவிட்டு, மனதில் தங்கும் எண்ணத்தோடு நுழைந்தால் அது பொய்த் தகவல் கொடுத்ததாகும். அதற்கு வாழ்நாள் தடை வரைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதுவும் இந்தப் பெண்ணுக்கு ஐ-130 அப்ரூவலே ஆகியிருக்கிறது. டூரிஸ்ட் விண்ணப்பத்தில் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று நேரடியாகவே கேட்பார்கள். ஆமாம் என்றால் விசா கிடைப்பது கஷ்டம், இல்லை என்றால் பொய். பதினேழு மாதம் காத்திருந்து முக்கால் கிணறு தாண்டியவள். அவளை இப்போது அந்த வழியில் இழுக்க வேண்டாம்.

சூரமங்கலம் கணக்கர்:

சகோதரி, வரி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் கணக்கைப் பார்ப்பதுதான் என் தொழில்.

அமெரிக்கக் குடிமகன் உலகத்தில் எங்கே இருந்தாலும் வருமானம் வரம்பைத் தாண்டினால் அங்கே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் கணவர் கல்யாணமானவர், மனைவி வெளிநாட்டவர். ‘மணமானவர், தனித் தாக்கல்’ என்ற வகையில் போட்டால் அந்த வரம்பு வெறும் 5 டாலர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் அதுதான் விதி.

இந்தியாவில் விவசாய வருமானத்துக்கு விலக்கு இருப்பதை அமெரிக்கா கணக்கில் எடுப்பதில்லை. இங்கேயும் காபிக்கு முழு விலக்கு கிடையாது என்பதைக் கவனியுங்கள். பறித்த பழத்தை அப்படியே விற்றால் அது விவசாய வருமானம். தானே விளைவித்துப் பதப்படுத்தி விற்றால் வருமான வரி விதிகளின்படி 25 சதவீதம் வியாபார வருமானம், வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். அவர் ஏற்காட்டில் பொட்டலம் போட்டு விற்கிறாரா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் உழைத்துச் சம்பாதித்ததற்கு அமெரிக்காவில் ஒரு விலக்கு உண்டு, அதனால் வருமான வரி பெரும்பாலும் வராது. ஆனால் சொந்தத் தொழிலில் நிகர வருமானம் 400 டாலரைத் தாண்டினால் சுயதொழில் வரி தனியாக வரும். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாததால் அதிலிருந்து தப்ப வழி இல்லை. இதற்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

வேண்டுமென்று மறைக்காமல், தெரியாமல் விட்டவர்களுக்கு ‘ஸ்ட்ரீம்லைன்டு’ என்று ஒரு வழி இருக்கிறது. கடைசி 3 வருஷக் கணக்கும், வெளிநாட்டு பேங்க் கணக்கு அறிக்கை 6 வருஷத்துக்கும் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கை, எல்லா இந்தியக் கணக்குகளும் சேர்ந்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால்தான். தாத்தா விட்டுப்போன ஃபிக்ஸட் டெபாசிட் ஏதாவது இருந்தால் அதுவும் சேரும். இதை நேர்காணலுக்கு முந்தின வாரம் செய்ய முடியாது. ஐ-864 உடன் கடைசி வருஷத்து வரிக் கணக்கு வைக்க வேண்டும், அதனால் இப்போதே தொடங்குங்கள். ஒழுங்காகத் தாக்கல் செய்த கணக்கு டொமிசைலுக்கும் ஒரு சாட்சியாக நிற்கும்.

அம்மாபேட்டை நெசவாளர் மகன்:

நான் சிங்கப்பூரில் ஆறு வருஷம் இருந்துவிட்டு மனைவி மூலமாக அமெரிக்கா போனவன். பிறப்புச் சான்றிதழ் பிரச்சினை எனக்கும் இருந்தது, அதனால் சொல்கிறேன்.

முதலில் மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவுக்குப் போய்ப் பெயர் சேர்க்க மனு கொடுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார் நகல் எல்லாம் கையில் இருக்கட்டும். முடியாது என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காகிதம், பெயரில்லாத சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், உங்கள் பிறப்பு நேரில் தெரிந்த பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் எல்லாவற்றையும் சேர்த்து ஆன்லைனில் ஏற்றலாம். உறுதிமொழியில் “எங்கள் மகள்தான்” என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தேதி, எந்த மருத்துவமனை, சான்றிதழில் ஏன் பெயர் இல்லை என்பதும் வர வேண்டும்.

இனிஷியலைப் பாருங்கள். எனக்கு மார்க் ஷீட்டில் ஒரே ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் இடத்தில். கல்யாணப் பதிவில் அப்பா பெயருக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதல். நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். குடும்பப் பெயர் என்றால் பரம்பரைப் பெயர் என்று நினைக்கிறவருக்கு மூன்று ஆள். மூன்றும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் போட்டு வைத்தேன், பிறகு யாரும் கேட்கவில்லை.

தமிழில் இருக்கும் காகிதங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதற்கு அரசு முத்திரை தேவையில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர், எனக்கு இரு மொழியும் தெரியும், இது சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதிப் பெயர், முகவரி, தேதியோடு கையெழுத்துப் போட்டால் போதும். குடும்பத்துக்கு வெளியே யாராவது செய்வது நல்லது. எனக்குப் பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்து கொடுத்தார்.

போலீஸ் சான்றிதழுக்குச் சேலம் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம், 2022 செப்டம்பரிலிருந்து அஞ்சலக மையங்களிலும் வாங்கிக்கொள்கிறார்கள். பதினாறு வயதுக்குப் பிறகு வேறு நாட்டில் ஒரு வருஷமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் வேண்டும். உங்களுக்கு அது இருக்காது என்று நினைக்கிறேன்.

கன்னங்குறிச்சி அக்கா:

சொல்ல மறந்தேன். மருத்துவப் பரிசோதனைக்கு அவர்கள் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். நமக்குச் சென்னை பக்கம். எக்ஸ்ரேயில் நெஞ்சில் ஏதாவது தழும்பு தெரிந்தால் காசநோய் இருக்கிறதா என்று சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர எட்டு வாரம் ஆகும். அந்த அவகாசத்தை விட்டு நேர்காணல் தேதியைப் பார்.

இன்னொன்று நல்ல செய்தி. உங்கள் கல்யாணத்துக்கு 2026 பிப்ரவரியில் இரண்டு வருஷம் முடிகிறது. அதற்குப் பிறகு நீ அமெரிக்காவில் காலடி வைத்தால் பத்து வருஷ கார்டு. அதற்கு ஒரு நாள் முன்னால் போனாலும் இரண்டு வருஷ நிபந்தனை கார்டுதான், அப்புறம் ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். விசாவில் என்ன எழுதியிருந்தாலும் நுழையும் நாள்தான் கணக்கு. இப்போது இருக்கும் வேகத்தில் நீ எப்படியும் பிப்ரவரியைத் தாண்டித்தான் போவாய், அவசரப்படாதே.

சேர்ந்து வாழ்வதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறாய்? கல்யாண ஆல்பத்தை மட்டும் நம்பாதே.

நாகலூர் வீட்டுக்காரி:

அக்கா, அண்ணா, எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. “ஒரே விமானத்தில் போகலாம்” என்ற வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னார்.

அத்தையிடம் பேசிவிட்டோம். மாமா வரிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வருஷ வாரியாக வைத்திருக்கிறாராம். ஒப்பந்தம் எவ்வளவு காலம் கட்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மாமா போனை வாங்கி, “அது என் மருமகளுக்காகத்தானே, எழுதுற கை நல்லாத்தான் இருக்கு, அனுப்பு” என்றார். கணக்கர் அண்ணா, பொட்டலம் போட்டு விற்பதில்லை. பல்ப்பரில் தோல் நீக்கி, களத்தில் காயவைத்து மூட்டையாகக் கொடுப்பதுதான். இதைத் தனியாக உங்களுக்கு எழுதுகிறேன்.

அக்கா, நீங்கள் கேட்ட ஆதாரம். ஜாயின்ட் பேங்க் கணக்கு, மருத்துவக் காப்பீடு, கேஸ் பில் இருக்கிறது. அதை விட எனக்கு நம்பிக்கை தருவது எங்கள் கூலி நோட்டு. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த நோட்டுகளில் ஆள் பெயர்கள் எல்லாம் அவர் கையெழுத்தில், ஆங்கிலத்தில். 2024 மார்ச்சிலிருந்து பெயரும் கிலோவும் தமிழில் என் கையெழுத்து, கூட்டித் தொகை போட்டது ஆங்கிலத்தில் அவர் கையெழுத்து. ஒவ்வொரு நாளும் ஒரே பக்கத்தில் இரண்டு கையும் இருக்கும். கடந்த சீசனிலிருந்து சில பெயர்களை அவரே தமிழில் எழுத ஆரம்பித்திருக்கிறார். ‘ழ’ மட்டும் இன்னும் தலைகீழாக வருகிறது. இதையெல்லாம் ஒரு அதிகாரி பார்ப்பாரா?

கன்னங்குறிச்சி அக்கா:

கண்டிப்பாக வை. முழு நோட்டு வேண்டாம், மாதத்துக்கு ஒரு பக்கம். கீழே மொழிபெயர்ப்பும், எது யார் கையெழுத்து என்ற ஒரு வரியும். ஆட்களின் பெயர்களை மட்டும் மறைத்துவிடு, அவர்கள் நம்பிக் கொடுத்தது.

நாகலூர் வீட்டுக்காரி:

சரி அக்கா. நாளைக்குப் பன்னிரண்டு பேர் பழம் எடுக்க வருகிறார்கள். காலையில் அவர்கள் வருவதற்குள் பழைய பக்கங்களைக் கீழே டவுனுக்குக் கொடுத்தனுப்பி ஸ்கேன் எடுத்துவிட்டு, புதுப் பக்கத்தில் தேதி போட வேண்டும்.